உம் கொட்ட ஓர் ஆள்: கி.ரா.வும் புதுவைக் கதைகளும்

அயர்லாந்தின் தென்மேற்கு மூலையில், கெர்ரி வட்டாரத்துக் கடலோரச் சிற்றூர் ஒன்றில் ஷான் ஓ கொனல் என்றொரு குடியானவர் வாழ்ந்தார் (1853–1931). கொஞ்சம் நிலம், கொஞ்சம் மீன்பிடிப்பு. எழுதப் படிக்கத் தெரியாது. ஐரிஷ் மொழியன்றி வேறு மொழியும் அறியார். ஆனால் அவருடைய நினைவில் நூற்றுக்கணக்கில் கதைகள் இருந்தன. இளமையில் அவர் கதை சொல்லக் கூட்டம் கூடியது. முதுமையில், ஊரில் ஐரிஷ் பேசுவோர் அருகிக் கதை கேட்கும் வழக்கமும் மறைந்தபோது, அவர் சந்தையிலிருந்து திரும்பும் வழியில், தம் வண்டியின் பின்னால் மெல்ல நடந்தபடி, வண்டியின் முதுகைப் பார்த்துக் கதை சொல்லிக்கொண்டு வருவாராம். கையசைப்பு, குரல் ஏற்ற இறக்கம் எல்லாம் முறைப்படி உண்டு. கேட்பதற்கு ஆள் மட்டும் இல்லை. சொல்லாமல் விட்டால் கதைகள் தம்மை விட்டுப் போய்விடும் என்ற அச்சமே காரணம்.

இச்செய்தியைப் பதிவு செய்தவர் டெலார்கி என்று ஆங்கிலத்திலும் ஷேமஸ் ஓ டூலர்கா என்று ஐரிஷிலும் அறியப்பட்ட ஆய்வாளர். 1923இல் அந்த முதியவரைத் தேடிச் சென்று, அவர் மறையும்வரை அவரிடம் கதை கேட்டு எழுதியவர். அக்கதைகள் 1948இல் நூலாயின. 1935இல் அயர்லாந்து அரசு நாட்டார் வழக்காற்று ஆணையம் ஒன்றை நிறுவியபோது, அதன் தலைமைப் பொறுப்பு அவரிடமே வந்தது.

தமிழில் இதற்கு ஒப்பான ஒரு வாழ்க்கையைத் தேடினால் நினைவுக்கு வரும் முதற்பெயர் கி. ராஜநாராயணன். ஆனால் ஒப்புமையோடு ஒரு பெரும் வேற்றுமையும் சேர்ந்தே வருகிறது. அயர்லாந்தில் கதை சொன்னவர் ஒருவர். கேட்டு எழுதியவர் வேறொருவர். முன்னவர் குடியானவர், பின்னவர் பல்கலைக்கழகத்தார். கி.ரா.விடம் இவ்விருவரும் ஓருடலில் இருந்தனர். அவர் குடியானவராகவும் கதைசொல்லியாகவும் இருந்துகொண்டே தொகுப்பாளராகவும் ஆனார். இறுதியில் பல்கலைக்கழகப் பேராசிரியராகவும் ஆனார். அந்த இறுதிக் கட்டம் நிகழ்ந்த இடம் கரிசல் மண் அன்று, புதுவை. இங்கே அவர் வாழ்ந்த முப்பதாண்டுகளுக்கு மேற்பட்ட காலம், இப்பகுதியின் கிராமங்களுக்கு என்ன தந்தது, எதைத் தராமல் விட்டது என்று எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

* * *

கோவில்பட்டிக்கு அருகில் உள்ள இடைசெவல் கிராமத்தில் 1923 செப்டம்பர் 16 அன்று பிறந்தவர் கி.ரா. தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட சம்சாரிக் குடும்பம். பள்ளிப்படிப்பு நடுநிலைப் பள்ளியோடு நின்றுபோனது. மழைக்குப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியவன், பள்ளிக்கூடத்தைப் பார்க்காமல் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன் என்ற பொருளில் அவர் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்வது தமிழ் வாசகர் எல்லோரும் அறிந்த செய்தி. இளமையில் காசநோயால் அவதிப்பட்டார். பொதுவுடைமைக் கட்சியில் சேர்ந்து விவசாயிகள் போராட்டத்தில் சிறை சென்றார். இசையில் தோய்ந்தார். ரசிகமணி டி.கே.சி.யின் வட்டத்தில் பழகி, பேச்சையே ஒரு கலையாகக் கொள்ளும் மரபைக் கற்றார்.

அதே இடைசெவலில், அதே ஆண்டில் பிறந்த இன்னொருவர் கு. அழகிரிசாமி. ஒரு தெருவில் விளையாடிய இருவர் தமிழ்ச் சிறுகதையின் இரு பெரும் ஆளுமைகளாக வளர்ந்தது இலக்கிய வரலாற்றின் அபூர்வங்களுள் ஒன்று. அழகிரிசாமி சென்னைக்கும் மலேயாவுக்கும் சென்று இதழாசிரியராகப் பணியாற்றி 1970இல் மறைந்தார். கி.ரா. ஊரிலேயே இருந்து உழுதார். 1950களின் இறுதியில், ஏறத்தாழ முப்பத்தைந்து வயதில்தான் அவருடைய கதைகள் சரஸ்வதி இதழில் வெளிவரத் தொடங்கின.

அவர் எழுத வந்தபோது தமிழ்ச் சிறுகதைக்கு ஒரு நடை உருவாகியிருந்தது. ஆசிரியர் எழுத்துத் தமிழில் விவரிப்பார். பாத்திரங்கள் மட்டும் மேற்கோள் குறிகளுக்குள் பேச்சுத் தமிழில் பேசும். கி.ரா. இந்த வேலியைப் பிடுங்கினார். ஆசிரியரும் பாத்திரங்களின் மொழியிலேயே பேசத் தொடங்கினார். இதைச் சிலர் கொச்சை என்றனர். ஆனால் அவர் செய்தது மொழியைக் கீழிறக்கும் வேலை அன்று, கதை சொல்லும் இடத்தை மாற்றும் வேலை. மேசைக்கு முன்னால் அமர்ந்து வாசகனுக்கு எழுதுபவர் ஒருவர். திண்ணையில் அமர்ந்து எதிரே இருப்பவனுக்குச் சொல்பவர் இன்னொருவர். கி.ரா. இரண்டாமவர். அவருடைய வாக்கியங்களுக்கு நடுவே, கேட்பவன் 'உம்' கொட்டுவதற்கான இடைவெளி எப்போதும் இருக்கும்.

கதை கேட்பவர்கள் இந்த 'உம்' என்பதை எளிதாக எண்ணிவிடுவர். கதைசொல்லிகள் அவ்வாறு எண்ணுவதில்லை. உம் நின்றால் கதை நின்றுவிடும் என்பது நம் கிராமங்களின் எழுதப்படாத சட்டம். கேட்பவன் விழித்திருக்கிறான், கதை அவனைச் சென்று சேர்கிறது, மேலே போகலாம் என்ற அனுமதி அது. எங்கே நீட்டலாம், எங்கே சுருக்கலாம், எந்த இடத்தில் குரலைத் தாழ்த்தலாம் என்பதையெல்லாம் சொல்பவருக்கு உணர்த்துவதும் அதுவே. எனவே வாய்மொழிக் கதை என்பது ஒருவர் படைப்பு அன்று, இருவர் படைப்பு. ஷான் ஓ கொனல் வண்டியிடம் கதை சொன்ன துயரம் முழுவதும் இந்த ஓரெழுத்து ஓசை இல்லாத துயரமே.

'கோபல்ல கிராமம்' (1976) நாவலின் அமைப்பை இந்தக் கோணத்தில் பார்த்தால் அதன் உள்ளியல்பு புலப்படும். தெலுங்கு நாட்டிலிருந்து அஞ்சி ஓடிவந்து கரிசல் காட்டை அழித்து ஊர் உண்டாக்கிய மக்களின் வரலாறு அது. அவ்வரலாற்றைச் சொல்பவள் நூறு வயதைக் கடந்த பூட்டியான மங்கத்தாயாரு அம்மாள். வரலாற்றாசிரியர்கள் கல்வெட்டையும் ஆவணத்தையும் தேடும் இடத்தில், கி.ரா. ஒரு கிழவியை உட்கார வைத்தார். ஒரு சமூகத்தின் ஆவணக்காப்பகம் அதன் மூதாட்டியின் நினைவில் இருக்கிறது என்பதைத் தமிழ் நாவலில் இவ்வளவு உறுதியாகச் சொன்னவர் அவருக்கு முன் எவரும் இல்லை என்றே கருதுகிறேன். இதன் தொடர்ச்சியான 'கோபல்லபுரத்து மக்கள்' 1991இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது.

இவற்றுக்கு இணையாக இன்னொரு பணியும் நடந்துகொண்டிருந்தது. 1960களிலிருந்தே அவர் நாடோடிக் கதைகளைத் திரட்டி வெளியிட்டுவந்தார். கரிசல் வட்டாரச் சொற்களுக்கு ஓர் அகராதி தொகுத்தார். பட்டம் பெற்ற ஆய்வாளர்களும் நிறுவனங்களும் செய்யவேண்டிய வேலையை, பள்ளிப்படிப்பை முடிக்காத ஒரு சம்சாரி நண்பர்களின் கடிதங்களைத் துணையாகக் கொண்டு செய்தார். தமிழில் வட்டார வழக்கு அகராதிகளுக்கு அது முன்னோடியாயிற்று.

* * *

1985இல் தொடங்கப்பட்ட புதுவைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் கி. வேங்கடசுப்பிரமணியன். அவர் காலத்தில், 1980களின் இறுதியில், கி.ரா. அங்கே சிறப்பு வருகைதரு பேராசிரியராக அழைக்கப்பட்டார். அப்போது அவருக்கு அறுபத்தைந்து வயதை ஒட்டிய பருவம். மற்றவர்கள் ஓய்வு பெறும் வயதில், பட்டமே இல்லாத ஒருவர் பேராசிரியரானார். நாட்டார் கதைகளைத் திரட்டுவதும் ஆவணப்படுத்துவதும் அவருக்கு இடப்பட்ட பணி.

இந்த அழைப்பின் பொருள் இன்று நமக்கு முழுமையாக விளங்காமற் போகலாம். தமிழ் முதுகலை வகுப்புகளில் சங்க இலக்கியமும் இலக்கணமும் அரியணையில் இருந்த காலம் அது. நா. வானமாமலை (1917–1980) போன்றோரின் உழைப்பால் நாட்டார் வழக்காற்றியல் பல்கலைக்கழகங்களில் கால் ஊன்றத் தொடங்கியிருந்தது. ஆயினும் கதைப்பாடலுக்கும் கூத்துக்கும் கிடைத்த மதிப்பு பாட்டி சொல்லும் கதைக்குக் கிடைக்கவில்லை. தொல்காப்பியம் பிசியையும் முதுசொல்லையும் செய்யுளியலில் வைத்து எண்ணியதை நாம் வகுப்பில் நடத்துவோம். அந்தப் பிசியை வீட்டில் போட்ட பாட்டியை வகுப்புக்கு அழைத்து வந்ததில்லை.

கி.ரா. செய்தது எளிய செயல். மாணவர்களைத் தத்தம் ஊருக்கே திருப்பி அனுப்பினார். பாட்டியிடமும் பெரியப்பாவிடமும் கதை கேட்டு, அவர்கள் சொன்ன மொழியிலேயே எழுதிவரச் சொன்னார். இவ்வாறு திரண்டதே 'புதுவை வட்டார நாட்டுப்புறக் கதைகள்' தொகுப்பு.

'புதுவை' என்றதும் வெளியூரார் மனத்தில் தோன்றுவது கடற்கரைச் சாலை, வெள்ளைச் சுவர்கள், பிரெஞ்சுப் பெயர்ப்பலகைகள். ஆனால் அந்த நகரத்துக்கு மேற்கிலும் தெற்கிலும் வில்லியனூர், பாகூர், அரியாங்குப்பம், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு என்று ஐந்து கொம்யூன்கள் இருக்கின்றன. நெல்லும் கரும்பும் விளையும் ஏரிப் பாசன ஊர்கள். ஓர் ஊர் புதுவை, அடுத்த ஊர் தமிழ்நாடு, அதற்கடுத்தது மீண்டும் புதுவை என்று நிலம் திட்டுத்திட்டாகப் பிரிந்து கிடக்கும். 1954 வரை அது இரு பேரரசுகளின் எல்லை. ஒரு வாய்க்காலின் இக்கரையில் பிரெஞ்சு ஆட்சி, அக்கரையில் முதலில் ஆங்கிலேய ஆட்சி, பிறகு சுதந்திர இந்தியா. கொம்யூன் என்ற சொல் மட்டும் இன்றும் பஞ்சாயத்து அலுவலகப் பலகைகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கதைகளுக்கு இந்த எல்லை எப்போதும் இருந்ததில்லை. பெண் கொடுத்ததும் எடுத்ததும் எல்லை கடந்தே நடந்தன. மணமாகிப் போனவள் சீரோடு தன் தாய்வீட்டுக் கதைகளையும் எடுத்துச் சென்றாள்.

இம்மண்ணில் தொழில்முறைக் கதைசொல்லிகளும் இருந்தனர். தென்னார்க்காடு, புதுவைப் பகுதிகளின் திரௌபதை அம்மன் கோயில் விழாக்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் தெருக்கூத்தும் நடப்பது மரபு. பிரசங்கியார் நாள்கணக்கில் பாரதக் கதையை விரித்துச் சொல்வார். அன்றைக்குச் சொன்னதை இரவில் கூத்தர்கள் ஆடிக் காட்டுவர். அயர்லாந்திலும் இப்படி ஒரு பாகுபாடு உண்டு. நெடிய வீரக்கதைகளைச் சொல்பவர் ஒருவகை. ஊர்ச்செய்தி, குடிவழி, பேய், தெய்வம், இடப்பெயர் ஆகியவற்றைச் சொல்லும் 'ஷனகீ' இன்னொரு வகை. நம் பிரசங்கியாரை முதல் வகையோடு ஒப்பிடலாம். இரண்டாம் வகைக்கு நம்மிடம் தனிப்பெயர் இல்லை. நடவு நடும்போதும் புளி கொட்டை எடுக்கும்போதும் பிள்ளைகளைத் தூங்கவைக்கும்போதும் கதை சொன்ன பெண்களே அவர்கள். பெயர் இல்லாததால் அவர்கள் செய்தது ஒரு கலை என்று எவருக்கும் தோன்றவில்லை. தொகுக்கப் போன மாணவர்கள் கதவைத் தட்டியது இவர்களிடம்தான்.

* * *

இவ்வட்டாரத்தின் இரு கதைகளை இங்கே எண்ணிப் பார்க்கலாம். இரண்டும் தண்ணீர் பற்றியவை. இரண்டும் பெண்கள் பற்றியவை.

முதலாவது ஆயியின் கதை. விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் இவ்வழியே வந்தபோது, மாலையில் ஒளிவீசி நின்ற ஒரு மாளிகையைக் கோயில் என்று எண்ணிக் கைகூப்பினாராம். அது கோயில் அன்று, ஆயி என்ற தாசியின் வீடு என்று அறிந்ததும் சினந்து இடிக்க ஆணையிட்டாராம். ஆயி தானே அதை இடிக்க அனுமதி பெற்று, அவ்விடத்தில் ஊருக்குப் பயன்படக் குளம் வெட்டினாள் என்பது கதை. நகருக்கு மேற்கே உள்ள முத்திரையர்பாளையம் அந்த இடம். பத்தொன்பதாம் நூற்றாண்டில், பிரான்சில் மூன்றாம் நெப்போலியன் ஆண்ட காலத்தில், அங்கிருந்து வாய்க்கால் வழியே நகருக்குக் குடிநீர் கொண்டுவந்தனர். அப்போது இக்கதை அவர்கள் காதுக்கு எட்ட, நகர நடுவே ஆயி மண்டபம் எழுந்தது. இன்றும் பாரதி பூங்காவில் அது வெண்ணிறமாக நிற்கிறது. வாய்மொழிக் கதை ஒன்று கல்லாக மாறியதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இரண்டாவது பாகூரைச் சேர்ந்தது. புதுவைப் பகுதியில் ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி பாகூர் ஏரி. தென்பெண்ணையாற்றில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக அதற்கு நீர் வருகிறது. சிங்காரி, பங்காரி என்ற இரு சகோதரிகள், தாசிகள், தம் செல்வத்தைக் கொண்டு வெட்டியது அது என்று சொல்வார்கள். பங்காரிக்கு மண்டபம் இல்லை. ஆனால் வாய்க்காலின் பெயரில் அவள் இருக்கிறாள். மழைக்காலத்தில் ஏரிக்குத் தண்ணீர் வருகிறதா என்று கேட்கும் ஒவ்வொரு குடியானவரும் அவள் பெயரை உச்சரித்தே கேட்கவேண்டியிருக்கிறது.

இதே பாகூரில் கிடைத்த ஒரு செப்பேட்டையும் இங்கே நினைக்கவேண்டும். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், ஒன்பதாம் நூற்றாண்டில், பாகூரில் இருந்த வித்யாஸ்தானம் என்னும் கல்விக்கூடத்துக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதை அது வடமொழியிலும் தமிழிலும் கூறுகிறது. அரசன் பெயர் இருக்கிறது. கொடைக்கு விண்ணப்பம் செய்தவன் பெயர் இருக்கிறது. கொடுக்கப்பட்ட ஊர்களின் பெயர்களும் எல்லைகளும் இருக்கின்றன. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த ஊர்களை நாம் அறிகிறோம். எழுத்தின் வலிமை அது. அந்தக் கல்விக்கூடத்தின் மதிலுக்கு வெளியே, அதே ஆண்டில், அதே ஏரிக்கரையில் பிள்ளைகளுக்குக் கதை சொன்ன பெண்கள் இருந்தே இருப்பார்கள். அவர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

தண்ணீர் கொடுத்த பெண்களுக்குப் பெயர் நின்றுவிட்டது. கதை கொடுத்த பெண்களுக்கு நிற்கவில்லை. கி.ரா.வின் தொகுப்புப் பணியை மதிப்பிடும்போது நாம் எதிர்கொள்ளவேண்டிய உண்மையான கேள்வி இங்கேதான் தொடங்குகிறது.

* * *

அயர்லாந்து ஆணையத்தாரின் முறையைச் சற்று விரிவாகப் பார்ப்போம். அவர்களின் களப்பணியாளர்கள் மெழுகு உருளைகளில் குரலைப் பதிவு செய்யும் எடிஃபோன் என்ற கருவியை மிதிவண்டியிலும் காரிலும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சென்றனர். பதிவு செய்ததைக் கேட்டு, சொல்லுக்குச் சொல் ஏட்டில் எழுதினர். சொன்னவர் பெயர், வயது, ஊர், அவர் அக்கதையை யாரிடம் கேட்டார் என்பது வரை குறித்தனர். ஆனால் மெழுகு உருளைகள் விலை மிக்கவை. எனவே எழுதி முடித்ததும் உருளையின் மேற்பரப்பைச் சீவிவிட்டு அடுத்த கதைக்குப் பயன்படுத்தினர். இதனால் பெயர்கள் தங்கின, சொற்கள் தங்கின, குரல்களில் பெரும்பகுதி சீவலாக உதிர்ந்துபோயிற்று.

1937இல் அவர்கள் இன்னொன்றும் செய்தனர். ஏறத்தாழ 5,000 தொடக்கப் பள்ளிகளைச் சேர்ந்த 50,000க்கும் மேற்பட்ட சிறுவர் சிறுமியரிடம், தம் வீட்டுப் பெரியவர்களிடம் கதை கேட்டு எழுதிவரும்படி கூறினர். அந்த ஏடுகளில் குழந்தையின் பெயரும் இருக்கிறது, கதை சொன்ன தாத்தா பாட்டியின் பெயரும் இருக்கிறது. இன்று எவரும் தம் ஊர்ப் பெயரை இட்டு, தம் பாட்டனின் பாட்டி சொன்ன கதையைப் படித்துவிட முடிகிறது. ஆணையத்தின் தொகுப்பு 2017இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது.

கி.ரா.விடம் நடந்தது இதற்கு நேர்மாறு. அவர் காத்தது குரலை. எழுத்தில் குரலைக் காப்பது அரிது. அவர் அதைச் செய்தார். சொன்னவரின் இழுப்பு, நையாண்டி, வசவு, மறைவான பேச்சு எதையும் அவர் கழுவவில்லை. 'வயது வந்தவர்களுக்கு மட்டும்' என்ற பெயரில் அவர் பாலியல் கதைகளை வெளியிட்டபோது முகம் சுளித்தவர்கள் உண்டு. அவை ஊரில் இல்லாதவை அல்ல. ஊரார் எல்லோரும் அறிந்தவை. எழுத்தில் வரக்கூடாது என்று நாம் விதித்த தடையைத்தான் அவர் மீறினார். ஆயினும், அவர் தாமே மறுபடி சொல்லிய கதைகளில், அவருக்கு அதைச் சொன்னவர் பெரும்பாலும் கதைக்குள் கரைந்துபோவார். நூலின் அட்டையில் நிற்பது ஒரே பெயர். நாட்டார் வழக்காற்றியல் முறைப்படி தகவலாளி விவரம், சூழல், கதை வகை எண் ஆகியவற்றைத் தேடும் ஆய்வு மாணவனுக்கு இந்நூல்கள் முழு நிறைவைத் தருவதில்லை. அவன் கையில் இருப்பது ஒரு கலைஞனின் குரலில் வரும் கதை. மூலக்குரல் எங்கே முடிந்து கி.ரா.வின் குரல் எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிய வழியில்லை.

இதை ஒரு குறையாக மட்டும் கொள்வது சரியாகாது. வாய்மொழி மரபில் ஒவ்வொரு சொல்லியும் இதையே செய்கிறார். கேட்ட கதையைத் தம் கதையாக்கிச் சொல்வதே அந்த மரபின் உயிர். கி.ரா. வெளியிலிருந்து வந்து மாதிரி சேகரித்த ஆய்வாளர் அல்லர், சங்கிலியின் ஒரு கண்ணி. ஒரு கண்ணியிடம் போய், முந்தைய கண்ணியின் வயதையும் சாதியையும் படிவத்தில் நிரப்பித் தா என்று கேட்பதில் ஒரு பொருத்தமின்மை இருக்கிறது. ஆனால் சங்கிலி அச்சில் ஏறியவுடன் அதன் விதி மாறிவிடுகிறது. வாய்மொழியில் எல்லோரும் பெயரற்றவர்கள். எனவே எவருக்கும் இழப்பில்லை. அச்சில் ஒருவர் பெயர் பெற்றவுடன் மற்றவர்கள் பெயர் இழந்தவர்கள் ஆகின்றனர். கி.ரா. விரும்பியோ திட்டமிட்டோ இது நிகழவில்லை. அச்சு ஊடகத்தின் இயல்பு அது. அந்த இயல்பை அறிந்து செயல்படவேண்டிய பொறுப்பு, படிவம் நிரப்பக் கற்றுக்கொண்ட நம்மைப் போன்ற கல்வித்துறையாருடையது.

அயர்லாந்து முறைக்கும் ஒரு விலை உண்டு என்பதை மறக்கலாகாது. பிளாஸ்கெட் தீவில் வாழ்ந்த பெக் சேயர்ஸ் (1873–1958) புகழ்பெற்ற கதைசொல்லி. அவர் வாய்மொழியாகக் கூற மகன் எழுதிய தன்வரலாறு 1936இல் வெளிவந்தது. பின்னர் பள்ளிகளில் பாடநூலாயிற்று. பல தலைமுறை மாணவர்களுக்குப் பெக் என்றால் தேர்வுக்காக உருப்போட வேண்டிய ஒரு துயரக் கிழவி என்றே ஆகிவிட்டது. நேரில் கேட்டவர்கள் வியந்து போற்றிய பேச்சுக்காரி, அச்சிலும் வகுப்பறையிலும் சலிப்பூட்டுபவர் ஆனார். தீவில் வாழ்ந்த கடைசி மக்களையும் 1953இல் அரசு கரைக்குக் கொண்டுவந்துவிட்டது. பெயர் காப்பாற்றப்பட்டது, நூல் காப்பாற்றப்பட்டது. கதை கேட்ட ஊர் கலைந்தது. கி.ரா.வை அப்படிச் சலிப்பூட்டும் பாடமாக்கிவிடாமல் இருப்பது தமிழ் ஆசிரியர்களாகிய எங்கள் கையில் இருக்கிறது. வகுப்பில் அவருடைய 'கதவு' கதையை நடத்தும்போது கருப்பொருளும் உத்தியும் எழுதிப்போடுவதற்கு முன்னால், ஒரு முறை உரக்கப் படித்துக்காட்டினால் போதும். தீர்வைக்காகக் கழற்றிச் செல்லப்பட்ட கதவின் மீது அந்தப் பிள்ளைகள் கொண்ட ஆசையை விளக்க வேறு உரை வேண்டியதில்லை.

* * *

பணிக்காலம் முடிந்த பின்னும் கி.ரா. ஊர் திரும்பவில்லை. இலாசுப்பேட்டையில் துணைவியார் கணவதி அம்மாளோடு தங்கிவிட்டார். 'கதைசொல்லி' என்ற பெயரிலேயே ஓர் இதழ் அவரால் தொடங்கப்பட்டது. 2007இல் 'நாட்டுப்புறக் கதைக் களஞ்சியம்' என்ற பெருந்தொகுப்பு வெளிவந்தது. 2019இல் கணவதி அம்மாள் மறைந்தார். கடைசிக் காலத்தில் எழுதியவற்றுக்கு அவர் 'மிச்சக் கதைகள்' என்று பெயரிட்டார். 2021 மே 17 அன்று புதுவையில் மறைந்தார். உடல் இடைசெவலுக்குக் கொண்டு செல்லப்பட்டு, தமிழ்நாடு அரசின் மரியாதையோடு இறுதிச் சடங்கு நடந்தது.

முப்பதாண்டுக்கு மேல் புதுவையில் வாழ்ந்தும் அவர் புதுவையைப் பற்றி ஒரு நாவல் எழுதவில்லையே என்று இங்குள்ள நண்பர்கள் சிலர் குறைப்பட்டுக்கொள்வதுண்டு. கரிசலையே அவர் கடைசிவரை எழுதினார் என்பது உண்மை. ஆனால் நெல் விளையும் இந்த ஈர மண்ணில் அமர்ந்து அவர் இன்னொன்று செய்தார். இம்மண்ணின் கதையைத் தாம் சொல்லாமல், இம்மண்ணின் பிள்ளைகளைச் சொல்லவைத்தார். பாட்டியின் பேச்சு நாகரிகக் குறைவு என்று கல்லூரி வாசலில் நாவை மாற்றிக்கொள்ளும் பிள்ளைகள் இன்றும் வில்லியனூரிலிருந்தும் பாகூரிலிருந்தும் வருகிறார்கள். அதே பேச்சு அச்சில் வரத் தக்கது என்று ஒரு பேராசிரியர் சொன்னது, ஒரு நாவலைவிடச் சிறிய கொடை அன்று.

அக்கொடை பாதியில் நிற்கிறது. அன்று கதை சொன்ன தலைமுறை பெரும்பாலும் போய்விட்டது. ஏற்றமும் கவலையும் போய் மோட்டார் வந்ததும், இரவு வேலைகளில் பேச்சுக்கு இருந்த இடம் போயிற்று. நடவுக்குப் போன பெண்களின் மகள்கள் இன்று கம்பெனி வேன்களில் ஷிப்டுக்குப் போகிறார்கள். தொலைக்காட்சிக்கு உம் கொட்ட வேண்டியதில்லை. ஆனால் நினைவு முற்றிலும் அழிந்துவிடவில்லை. ஏரிக்கரைத் தெய்வங்களுக்கும் வாய்க்கால்களுக்கும் கதை தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கேட்க ஆளில்லாததால் சொல்லாமல் இருக்கிறார்கள்.

அயர்லாந்துக்குக் கிடைக்காத வசதி ஒன்று நமக்கு இருக்கிறது. மெழுகைச் சீவவேண்டிய தேவை இல்லை. ஒவ்வொரு மாணவன் கையிலும் குரலைப் பதியும் கைப்பேசி இருக்கிறது. ஐந்து கொம்யூன்களின் பள்ளிகளிலும் ஒரு கோடை விடுமுறைக்கு இந்த ஒரு வீட்டுப்பாடம் போதும்: வீட்டில் மூத்தவரிடம் ஒரு கதை கேட்டுப் பதிந்து வருக, அவர் சொன்ன மொழியிலேயே எழுதுக, மேலே அவருடைய முழுப்பெயரையும் ஊரையும், அவருக்கு அதைச் சொன்னவர் பெயரையும் குறிக்க. குரலைக் கி.ரா. காத்த முறையும், பெயரை டெலார்கி காத்த முறையும் அந்த ஒரு தாளில் சேர்ந்துவிடும். மாணவர்களுக்கு ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லி அனுப்பவேண்டும். கருவியை இயக்கிவிட்டு எழுந்து போய்விடக் கூடாது; எதிரே உட்கார்ந்து, கதை முடியும்வரை, உம் கொட்டவேண்டும்.